ஏலமலையில் மரம் ஏறியவர்கள்

ஏலக்காய் மண்ணை ஒட்டிக் காய்ப்பது. செடி ஆளைவிட உயரமாக வளர்ந்தாலும், காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையில்தான் படர்ந்து கிடக்கும். விடியுமுன் போடிநாயக்கனூரில் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள், நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுக்கிறார்கள். ஆனால் ஏலச்செடியைக் காட்டுவதற்காக அழைத்துவரப்படும் பிள்ளைகளின் கண் அந்தச் செடியில் நெடுநேரம் நிற்பதில்லை. செடிக்கு மேலே நூறடி உயரத்துக்கு ஒரு மரம் நிற்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல ஏற முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

முடியும். தலைமுறை தலைமுறையாக ஏறியிருக்கிறார்கள். அந்த மரங்களில் பல இன்றும் நிற்பதற்கே, அவற்றில் ஏறத் தெரிந்த ஆட்கள் இருந்தது ஒரு பெரிய காரணம். மலையின் வரலாற்றை எழுதியவர்கள் ஜமீனையும் தோட்டத் துரைகளையும் ஏலச்சந்தையையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மரத்தின் மேல் இருந்தவரைப் பற்றிய குறிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கின்றன. சேர்த்து வைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு நீண்ட வரலாறு.

ஏலம் நிழலில் பிறந்த செடி. மேற்கு மலைத்தொடரின் பசுமைமாறாக் காடுகளில், ஏறத்தாழ 600 மீட்டரிலிருந்து 1,200 மீட்டர் உயரம் வரை, பெருமரங்களின் அடியில் தானாக முளைத்துக் கிடந்தது. பாலி, வெடிப்பலா, குளமாவு, அயினி, சந்தன வேம்பு என்று மேலே ஒரு கூரை; கீழே ஈரம் காயாத சருகு மண். நேர்வெயில் பட்டால் இலை கருகும். ஒரேயடியாக இருட்டினால் பூக்காது. பாதி வெயில், பாதி நிழல் என்று மேலிருந்து சல்லடையாக இறங்கும் வெளிச்சம்தான் அதற்கு வேண்டும்.

இந்த வெளிச்சத்தை வரவழைக்க ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வழி இருந்தது. குடகில் 19-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்தால் மனம் பதைக்கும். சரிவில் ஒரு துண்டு நிலத்தின் புதரை அகற்றிவிட்டு, மேட்டில் நிற்கும் ஆகப் பெரிய மரம் ஒன்றை வெட்டிச் சாய்ப்பார்கள். மலை அதிர விழும் அந்த மரமே மண்ணுக்குள் உறங்கும் ஏலவிதையை எழுப்பிவிடுகிறது என்பது நம்பிக்கை. சில மாதங்களில் நாற்றுகள் முளைக்கத்தான் செய்தன. எழுப்பியது அதிர்ச்சியல்ல, கூரையில் விழுந்த ஓட்டை வழியே வந்த வெயில் என்று இன்று சொல்லிவிடலாம். எப்படியானாலும், அங்கே ஒரு தோட்டம் பிறக்க ஒரு பெருமரம் சாக வேண்டியிருந்தது.

ஏலமலையில் வேரூன்றியது வேறு வழி. மரத்தை நிற்கவிட்டு, ஆளை ஏற்றிக் கிளையை மட்டும் கழிப்பது. கவாத்து என்பார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், சித்திரை, வைகாசி வாக்கில் இந்த வேலை நடக்கும். மழைக்காலத்தில் வானமே மூடிக்கிடப்பதால் செடிக்கு அப்போது வெளிச்சம் போதாது. கிளை கழித்தால் வெளிச்சம் இறங்கும். அடுத்த கோடைக்குள் மரம் மறுபடி தழைத்துக் குடை பிடித்துவிடும். வெட்டிய தழை கீழே மூடாக்காகி மண்ணுக்கே போகிறது.

சொல்வதற்கு எளிது. செய்வதற்கு, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, தோளில் கயிற்றோடு, நாலு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் அடிமரத்தைத் தாண்டி மேலே போக வேண்டும். முதல் கிளையே பனை உயரத்தில் இருக்கும். எந்தக் கிளையை எடுப்பது, எதை விடுவது என்பதைக் கீழே நிற்கும் தோட்டக்காரரைவிட மேலே நிற்கும் ஆள்தான் சரியாகப் பார்க்க முடியும். வெட்டின கிளை செடியின் மேல் விழுந்தால் அந்த ஆண்டின் சரம் முறிந்துபோகும். ஆகவே கயிறு கட்டி இடைவெளி பார்த்து இறக்க வேண்டும். உச்சிக்கொழுந்தில் கை வைக்கக் கூடாது. மழை தொடங்கிவிட்டால் பாசி பிடித்த பட்டையில் கால் நிற்காது என்பதால், வேலைக்குக் கிடைப்பதும் சில வாரங்களே.

மரத்தை வெட்டாமல் விட்டதற்குச் சட்டமும் காரணம். திருவிதாங்கூர் அரசு 1822 முதலே ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. விளைந்த காயை அரசுக்குக் கொடுத்துவிட்டு, அது தரும் பங்கைப் பெற்றுக்கொள்வதே பயிரிட்டவரின் நிலை. பயிரிட்டவர்களில் பெரும்பகுதி கிழக்கே அடிவாரத்திலிருந்து, போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கங்களிலிருந்து, கணவாய் ஏறிப்போன தமிழ்க் குடியானவர்கள். 1896-ல் அந்த ஏகபோகம் விலக்கப்பட்டு நிலவரி வந்தது. அடுத்த ஆண்டே, 1897-ல், ஏலமலை ஒதுக்குக்காடு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்றுவரை தீராத வாதம்; உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விநோதம் இன்னொன்று உண்டு. இந்தக் காட்டில் நிலம் வருவாய்த்துறையின் பொறுப்பு, அதன்மேல் நிற்கும் மரம் வனத்துறையின் பொறுப்பு. கீழே உள்ள ஏலச்செடி குத்தகைக்காரருக்கு, அதற்கு நிழல் தரும் மரமோ அரசுக்கு. வெட்ட உரிமையில்லாத மரத்தோடு வாழ வேண்டிய தோட்டக்காரருக்கு, ஏறத் தெரிந்த ஆள் எவ்வளவு தேவைப்பட்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆட்கள் கற்ற வித்தை ஏலத்தோட்டத்தைவிடப் பழையது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கப் போகும் பெண், மரத்தின் மேல் கட்டப்பட்ட பரணில் ஏறி உட்கார்கிறாள். புலியும் அஞ்சும் இதணம் அது. கையில் தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகள். காதல் கதைக்கான மேடையாக மட்டும் அந்தப் பரணைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அது ஒரு வேலையிடம். அங்கே ஏறியவள் வளர்ந்தும் வளராத பிள்ளை. மலைநாட்டில் மரமேறுதல் விளையாட்டாகத் தொடங்கி வேலையாக மாறும் வயதை அந்தப் பாட்டு பிடித்து வைத்திருக்கிறது. குறிஞ்சிப்பாட்டு இடம்பெற்ற அதே பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம், ஓங்கிய மலைச்சரிவில் தேனெடுக்கச் சார்த்திய மால்பையும் காட்டுகிறது. மால்பு என்பது மூங்கிலின் கணுவையே படியாகக் கொண்ட ஏணி.

இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அந்த ஏணி மாறவில்லை. திருவிதாங்கூரில் பணியாற்றிய பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1883-ல் வெளியிட்ட நூலில், யானைக்குப் பயந்து மரத்தின் மேல் வீடு கட்டி வாழ்ந்த மலைமக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏறுமாடம் என்று மலையில் சொல்வது அதைத்தான். ஒற்றை மூங்கிலை வெட்டி, கணுவில் கிளைத்த குச்சிகளை ஒரு பாதம் நிற்கும் அளவுக்கு விட்டுக் கழித்தால் ஏணி ஆயிற்று. இரவில் மேலே இழுத்துக்கொண்டால் கதவும் சாத்தியாயிற்று. யானை பயம் பழங்கதையும் அல்ல. போடிமெட்டுக்கு மேலே சின்னக்கானல் பகுதியில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்துக்கொண்டிருந்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதமே அது கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றது.

போடிச் சரிவில் மரம் ஏறியவர்கள் என்றால் முதலில் சொல்ல வேண்டியவர்கள் முதுவர்களும் பளியர்களும். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் முதுவர்களின் வழிவழிக் கதை பதிவாகியிருக்கிறது. பாண்டிய அரசில் நேர்ந்த கலகத்தில் மதுரையை விட்டுக் கிளம்பினார்கள்; போடிநாயக்கனூர் வந்தபோது கூட்டம் பிரிந்தது; பெரும்பகுதி மலையேறி உயர்சரிவுகளில் குடியமர்ந்தது. மதுரை மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. பிள்ளையைத் துணியில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவது அவர்களின் அடையாளமாகவே இருந்தது. தாயின் முதுகிலிருந்தபடியே காட்டையும் சரிவையும் பார்த்த குழந்தை, நடக்கத் தொடங்கியதும் இளந்தாரிகளோடு சேர்ந்து கண்ணி வைக்கவும் தேனடை பார்க்கவும் பழகிவிடும்.

தேன்தான் மரமேற்றத்தின் உச்சம். மலைத்தேனீ தாழ்ந்த கிளையில் கட்டாது. கரடி ஏற முடியாத வழவழப்பான உயர்ந்த அடிமரம் பார்த்து, ஆண்டுதோறும் அதே மரத்துக்குத் திரும்பி வரும். ஒரே மரத்தில் பல அடைகள் தொங்கும். அமாவாசையை ஒட்டிய இருட்டில், புகையும் பந்தத்தோடு, பாடிக்கொண்டே ஏறுவார்கள். பாட்டு தெய்வத்துக்கும் தேனீக்கும் மட்டுமல்ல, மேலே இருப்பவர் நலமாக இருக்கிறார் என்று கீழே நிற்பவருக்குச் சொல்லும் செய்தியும் அதுதான். ஆனைமலைக் காடர்கள் தேனுக்காகப் பாறையில் கொடிச்சங்கிலி கட்டி இறங்கும்போது மனைவியையோ மகனையோ காவலுக்கு வைப்பார்கள் என்று தர்ஸ்டனின் நூல் சொல்கிறது. உயிரைத் தாங்கும் கொடிக்கு ஒரு சிறுவன் காவல். அவன் கற்ற பாடம் எந்தப் பள்ளியிலும் கிடைக்காதது.

காடர்கள் பெருமரத்தில் ஏறும் முறையைத் தர்ஸ்டன் வியந்து எழுதி, படமும் சேர்த்திருக்கிறார். கூர்தீட்டிய மூங்கில் முளைகளை அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக்கொண்டே போவது. அடித்த முளையில் நின்று அடுத்த முளையை அடிப்பது. ஏணி மரத்தோடு சேர்ந்தே வளர்கிறது, ஏறுகிறவரே அதைக் கட்டியபடி போகிறார். இதை எழுதும்போது தர்ஸ்டனுக்கு நினைவு வந்தது போர்னியோ. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869-ல் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலில், தயாக் மக்கள் தேனுக்காக இதே மூங்கில் முளை முறையில் பெருமரம் ஏறுவதை நுணுக்கமாக வர்ணித்திருந்தார். கடல் கடந்த இரண்டு காடுகளில், ஒரே தேவைக்கு ஒரே விடை. இரண்டு மக்களும் ஒரே இனமா என்ற ஆராய்ச்சியில் அக்காலத்தவர் இறங்கிவிட்டார்கள். அதைவிட, வெட்டாமல் ஏற வேண்டும் என்று இரண்டு இடத்திலும் மனிதர்கள் நினைத்தார்களே, அதுதான் நின்று யோசிக்க வேண்டிய விஷயம்.

தேனுக்கும் ஏலத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஏலப்பூ விடியற்காலையில் மலர்வது. அதில் மகரந்தம் சேர்ப்பது முக்கியமாகத் தேனீக்கள். உச்சிக்கிளையில் அடை கட்டும் மலைத்தேனீயும், பொந்தில் வாழும் அடுக்குத்தேனீயும் வந்து போனால்தான் சரத்தில் காய் நிறையும். மரம் செடிக்கு நிழல் தருகிறது என்பதோடு கதை முடியவில்லை. பூவைக் காயாக்கும் தேனீக்கும் மரமே வீடு.

மலையிலிருந்து இறங்கிப் போடி ஊருக்கு வந்தால், இங்கேயும் ஏறும் மரம் ஒன்று பிழைப்பாக இருந்திருக்கிறது: இலவம். குரங்கணி, சிறைக்காடு பக்கத்துச் சரிவுகளில் வளரும் இலவமரங்களின் காயை உடைத்து, விதை நீக்கி, பஞ்சாக்கி மெத்தைக்கும் தலையணைக்கும் அனுப்பும் தொழிலுக்குப் போடி பேர்போன ஊர். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த மரம். கிளைகள் அடுக்கடுக்காக, தரைக்கு நேர்கிடையாக விரிவதால், பார்த்தால் ஏறவேண்டும்போல் இருக்கும். இளமரத்தின் முள் அந்த ஆசையைச் சீக்கிரமே அடக்கிவிடும். பங்குனி, சித்திரையில் காய் முற்றியதும் ஆட்கள் துரட்டியோடு மேலே ஏறுவார்கள். ரப்பர் மெத்தையும் செயற்கைப் பஞ்சும் வந்தபின் இந்தத் தொழில் முன்போல் இல்லை.

ஏறுவதற்கென்றே ஒரு மரத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்த நாடும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெம்பர்டன் ஊருக்கு அருகே குளோஸ்டர் மரம் என்று ஒரு கர்ரி மரம். கர்ரி நம்மூர் நீலகிரித் தைல மரத்தின் உறவு. உலகின் உயரமான மர வகைகளில் ஒன்று. காட்டுத்தீயை எட்டத்திலேயே பார்த்துவிட 1937 முதல் 1952 வரை அங்கே எட்டுக் கர்ரி மரங்களின் உச்சியில் காவல்மேடை கட்டினார்கள். அவற்றில் ஒன்றான இதில் 1947-ல் மேடை அமைந்தது. அடிமரத்தைச் சுற்றிச் சுழன்று ஏறும் 150-க்கும் மேற்பட்ட முளைகள். மேடை இருப்பது ஐம்பது மீட்டருக்கும் மேலே. பின்னாளில் விமானம் வந்து தீக்காவலை எடுத்துக்கொண்டது. முளைகள் நின்றன, பல பத்தாண்டுகள் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள், இடுப்பில் கயிறுகூட இல்லாமல். மூங்கிலுக்குப் பதில் இரும்பு என்பதைத் தவிர, காடர்கள் செய்ததும் இதுவே.

தீக்காவல் என்றதும் போடிக்காரர்களுக்கு நினைவு வருவது குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுக்கள் காய்ந்த புற்சரிவில் தீயில் சிக்கின. 23 உயிர்கள் போயின. மரம் அடர்ந்த ஈரச்சோலையில் தீ எளிதில் புகாது. நிழலற்ற புல்தான் பற்றியது. மரமும் நிழலும் இந்தச் சரிவுக்கு என்ன செய்கின்றன என்பதை அந்த நாளுக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் நிழல் மெலிந்துகொண்டுதான் வருகிறது. இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் ஏலத்தின் விளைச்சலைப் பல மடங்காக்கியது. கூடவே, பழைய ரகங்களைவிட அதிக வெளிச்சத்தைக் கேட்டது. மழைக்கு முன் ஒருமுறை என்றிருந்த கவாத்து கடுமையானது. உச்சிக்கொழுந்து மட்டும் மிஞ்சும்படி மொட்டையடிக்கப்பட்ட மரங்களை இன்று போடிமெட்டுச் சாலையிலிருந்தே காணலாம். அப்படி வெட்டப்பட்டது பட்டுப்போனால், அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், மிளகுக்கொடி ஏற்றலாம். ஆனால் பலவகை மரம் கலந்த பழைய கூரைக்கு அது ஈடாகாது. பூச்சிமருந்து தெளிப்பும் தேனீயைத் துரத்துகிறது. ஏறத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். விழுந்தால் முடம், இல்லையென்றால் மரணம் என்ற வேலைக்குத் தன் மகனை அனுப்ப எந்தத் தகப்பனும் விரும்பமாட்டார். அதைக் குறை சொல்லவும் முடியாது. கயிறும் இடுப்புவாரும் காப்பீடும் அந்த வேலைக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும்.

பெருமரம் ஒன்றைக் காட்டுவதற்காகவே பிள்ளைகளை அழைத்துப்போக விரும்புகிறவர்களுக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் இருக்கிறது. அங்குள்ள கன்னிமாரா தேக்கு, சுற்றளவு ஏழு மீட்டர் அளவுக்கு. 1994-95-க்கான மகாவிருட்ச புரஸ்கார் பெற்றது. 1907 முதல் 1963 வரை கொச்சி வன டிராம் பாதை அந்தக் காட்டின் மரத்தைச் சாலக்குடிக்கு இறக்கிக்கொண்டே இருந்தது. இந்த ஒன்றை வெட்டப்போனபோது ரத்தம் பீறிட்டதாகவும், அதனால் கன்னித்தெய்வமாக வணங்கி விட்டுவிட்டதாகவும் மலைமக்கள் சொல்வார்கள். ஏற அனுமதி கிடையாது. கைகோத்துச் சுற்றி நின்று அளந்து பார்க்கலாம்.

ஏறுவதையே பார்க்க வேண்டுமானால் போடிச் சரிவுதான். மழைக்கு முந்தின வாரங்களில் கவாத்து நடக்கும்போது, தோட்டக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கிளை விழும் எல்லைக்கு வெளியே பிள்ளைகளை நிறுத்த வேண்டும். மேலே இருப்பவர் இறங்கி வந்தபின், எந்தக் கிளையை ஏன் விட்டார் என்று பிள்ளைகளே அவரிடம் கேட்கலாம். மிளகு பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் போனால் ஒற்றை மூங்கில் ஏணியைத் தொட்டுப் பார்க்க முடியும், பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள முதல் இரண்டு கணுவில் கால் வைத்தும் பார்க்கலாம். மாசியிலிருந்து சித்திரை வரை குரங்கணிக்கு மேலே புற்சரிவுகளின் பக்கம் பிள்ளைகளோடு போகக் கூடாது, அது தீக்காலம். போடிமெட்டுக்கு ஏறுகிறவர்கள் முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தொடங்கும் வளைவுகளில் வண்டியின் இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வரலாம்: அடிவாரத்தில் இலவம், நடுச்சரிவில் காய்ந்த கரட்டுக்காடு, மெட்டு நெருங்கும்போது முதல் ஏலச்செடி, அதற்கு மேலே மரம்.